சமதரையில் ஒரு பந்து

பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஹாக்கி பாக்குதது உண்டா?" என்பதுதான். நான் புதூர் பக்கத்துக் கிராமத்துக்காரி. மிளகாய்க்கும் பருத்திக்கும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்தவள். இல்லை என்று தலையாட்டினேன். மனிதர் அதோடு விட்டிருக்கலாம். இரண்டு காபி டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைத்துக் கோல் போஸ்ட் ஆக்கி, ஒரு காராச்சேவுத் துண்டைப் பந்தாக்கி, தான் தவறவிட்ட ஒரு கோலைப் பற்றி என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதையை நீங்களும் கேட்டாக வேண்டும், வேறு வழியில்லை. கோவில்பட்டியில் கிரிக்கெட் மட்டை கேட்டு அழுகிற பிள்ளைகளைவிட வளைந்த மட்டை கேட்டு அழுகிற பிள்ளைகள் அதிகம். இவரும் அப்படி அழுது வாங்கியவர்தான். சென்டர் ஃபார்வர்டு. இருபத்திரண்டு வயதில் ஒரு போட்டியின் கடைசி ஆட்டம். விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கிற ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் பார்க்க இரண்டு அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் சமநிலையில் நிற்கிறது. வலது பக்கமிருந்து பந்து வருகிறது. கோல் கீப்பர் முன்பே தரையில் விழுந்து கிடக்கிறார். எதிரே வெறும் கோல். இவர் அடிக்கிறார். பந்து இடது போஸ்டுக்கு வெளியே போய்விடுகிறது. வேலையும் அந்தப் பந்தோடு போய்விட்டது.

ஏன் வெளியே போனது? அதற்கு இரண்டு நாள் முன்னால் மழை. ஈரக் கரிசலில் யாராவது மிதித்து, அதன்மேல் வெயில் அடித்தால், மிதித்த இடத்தின் விளிம்பு கட்டியாக இறுகிவிடும். மண்வெட்டி போட்டாலும் பெயராது. தன் மட்டைக்கு வந்த பந்து கடைசி நொடியில் அப்படியொரு கட்டியில் பட்டு எகிறிவிட்டது என்பது இவர் கட்சி.

இந்தக் கட்சியை இருபத்தெட்டு வருஷம் கேட்டிருக்கிறேன். எங்கள் விதை உரக் கடைக்கு வேப்பம் புண்ணாக்கு வாங்க வந்த சம்சாரிகள்கூடக் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் "ஐயோ பாவம்" என்றேன். மூன்றாம் வருஷத்திலிருந்து, "கட்டியாவது கிட்டியாவது, நீங்க கோணலா அடிச்சிருப்பீங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். சண்டை போட்ட நாட்களில் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எங்கள் ஊரிலேயே இப்போது டர்ஃப் என்கிற செயற்கைப் புல் விரித்த மைதானம் வந்துவிட்டது. கட்டியும் கிடையாது, கல்லும் கிடையாது. ஒருநாள் அங்கே போய் அதே பந்தை அடித்துப் பார்த்துவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும். மனிதர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "அது இளவட்டங்க ஆடுத இடம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் மகள் நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் மே மாதம் மூன்று வாரத்துக்கு எங்களை அழைத்திருந்தாள். நான் பெட்டியில் பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மோர் மிளகாய் வெளியே கிடக்கிறது, அந்த இடத்தில் வேட்டியில் சுற்றிய ஹாக்கி மட்டை படுத்திருக்கிறது. இவருடைய வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. ஊருக்குத் திரும்பியதும் ஆபரேஷன், அதற்குப் பிறகு மட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஹாக்கி மைதானமாம்ட்டி. சமதரையில ஒரே ஒரு பந்து. அடிச்சுப் பாத்துட்டு வந்து காலைக் குடுத்திருதேன், அவிய என்ன வேணாலும் செஞ்சுக்கிடட்டும்" என்றார்.

மூன்று வாரம் முடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமைதான் அந்த நாள். மகளுக்கு அன்று டியூட்டி. ஒரு தாளில் எந்த ரயில், எந்த டிராம், எந்த பஸ் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். காலையில் பெரிய கால்பந்து அரங்கம், மத்தியானம் பழைய ஒலிம்பிக் அரங்கம், சாயங்காலம் பக்கத்து ஊரான ஆம்ஸ்டெல்வேனில் ஹாக்கி மைதானம். எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டேன். அவர் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் அந்த மட்டையோடு நின்றால் போலீஸ்காரர் பெயர், விலாசம் கேட்பார். இங்கே ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் மட்டையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான், என் கணவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. இறங்கும் வரை அந்தப் பெரியவரோடு தன் பாதி இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார். கட்டிக் கதையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நல்லவேளை, அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

கால்பந்து அரங்கத்தை என்னவென்று சொல்ல! கோவில்பட்டி ஜனத்தில் பாதியை உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது. மட்டையை வாசலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள். சுற்றிக் காட்டிய பெண் எங்களை ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை வழியாகக் கூட்டிப்போய், அவர்கள் ஓடி வருகிற அந்த வழியின் வாயில் நிறுத்தினாள். ஸ்பீக்கரில் கூட்டத்தின் இரைச்சலைப் போட்டுவிட்டாள். எனக்கு ஆட்டமும் தெரியாது, ஆள்களும் தெரியாது. இருந்தாலும் கை மயிர் சிலிர்த்து நின்றது.

என் கணவர் திடீரென்று குனிந்தார். கால் வலியோ என்று பதறினேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அது வழக்கம். மைதானத்துக் கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே காலை வைப்பார்கள். பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள்கூட முதலில் வெறுங்காலில் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மாட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. புல்லைத் தொடக்கூடாது என்று எழுதிய பலகையைக் காட்டினாள். இவர் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த சிமென்டைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

நான் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் பெரிய பெரிய வண்டிகளில் வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புல்லுக்கு வெயில் போதாதாம், அதனால் விளக்குப் போட்டு வளர்க்கிறார்களாம். "ஏங்க, இவியளுக்கு வெயில்தான் குறைச்சலா? சொல்லியிருந்தா புதூர்லேருந்து ரெண்டு லாரி ஏத்தி விட்டிருப்பமே" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எங்களோடு சுற்றிப் பார்க்க வந்த மற்ற ஊர்க்காரர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

ஒலிம்பிக் அரங்கம் வேறு மாதிரி. செங்கல் கட்டடம், வாசலில் உயரமான ஒரு கோபுரம், அதன் உச்சியில் கிண்ணம் மாதிரி ஒன்று. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா முதல் தங்கம் வாங்கியது இங்கேதான் என்று என் கணவர் பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் எடுத்திருந்தார். உள்ளே யாரோ ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்ததால் கேட் திறந்திருந்தது. சிவப்பு ஓடுபாதை, நடுவே புல்தரை. ஷூ மறுபடியும் கழன்றது. ஓடுபாதையைக் குறுக்கே கடந்து புல் ஓரத்தில் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து உள்ளங்கையால் புல்லை அமுக்கிப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்து இன்னொரு இடத்தில் அமுக்கினார். இன்னும் ஒரு இடம். "ஏட்டி, இங்கன வந்து கையை வச்சுப் பாரு. மேடும் பள்ளமுமால்லா கிடக்கு."

"புல்லுத் தரைன்னா அப்படித்தான இருக்கும்" என்றேன்.

"அப்பம் அவியளும் இந்த மாதிரித் தரையிலதான் அடிச்சிருக்காவ" என்றார். புல்லிலிருந்து கையை எடுத்துத் தட்டிக்கொண்டார். மேடு பள்ளத்தில் அடித்தவர்கள் தங்கம் வாங்கியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் என்றால் நானே எடுத்துச் சொல்லிக் குத்திக்காட்டியிருப்பேன். அங்கே வாய் வரவில்லை.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். நாலு வாய் தின்றுவிட்டு டப்பாவை மூடினார். தானாகவே சொன்னார். "ஊர் டர்ஃப்புல ஏன் ஏறலைன்னு கேப்பேல்லா? அங்கன நிக்கவன் பூராவும் என்கூட ஆடினவன், இல்லைன்னா அவன் மவன். நான் அடிச்சு, அங்கனயும் வெளிய போயிருச்சுன்னா? பெறவு எந்த மூஞ்சியோட கடையில உக்காருவேன்? இங்கன என்னைய யாருக்குத் தெரியும்?"

இத்தனை வருஷம் அந்தக் கதையை வாய் ஓயாமல் சொன்னவருக்கு உள்ளுக்குள் இப்படியொரு சந்தேகம் இருந்திருக்கிறது. நான் விளையாட்டாகவும் கோபத்திலும் சொன்ன "கோணலா அடிச்சிருப்பீங்க" ஒவ்வொன்றும் அவருக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஆம்ஸ்டெல்வேன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது அவர் முழங்கால் வீங்கியிருந்தது. மைதானம் மரங்களுக்கு நடுவே பத்து நிமிஷ நடை. "நீங்க இங்கனயே உக்காருங்க. திறந்திருக்கா, ஆள் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று அவரை நிழற்குடையில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தால் நீல நிறத்தில் அகலமாகத் தரை. ஓர் ஆள் இல்லை. சுற்றிலும் நாலைந்து குழாய்கள் பனை உயரத்துக்குத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருந்தன. தரை முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. பார்த்ததுமே திரும்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை கிடையாது. தரை நனைந்தால் மூன்று நாளைக்கு ஆட்டம் இல்லை. கரிசலில் ஒரு மழை விழுந்துவிட்டால் செருப்போடு சேர்ந்து காலில் அப்புகிற மண்ணே ஒரு படி தேறும். ஏர் இறங்காது, ஆடு இறங்காது, ஆள் எங்கே இறங்குவது? ஆட்டத்தை ரத்து செய்துவிட்டுத் தரையைக் கழுவி விடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அடித்து, அதுவும் வெளியே போய்விட்டால் அந்த முகத்தை யார் பார்ப்பது? கட்டி பாட்டுக்குக் கட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"இன்னைக்கு ஆட்டம் கிடையாதுங்க. ஒருத்தரையும் காணோம்" என்று சொன்னேன். அவர் மட்டையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். மட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். திரும்புகிற பஸ் உடனே வந்துவிட்டது.

இரண்டு ஸ்டாப் தாண்டியிருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கிடையாதுன்னு யார் சொன்னா?" என்றார்.

"யார் சொல்லணும்? பாத்தாத் தெரியாதா? தரை பூரா தண்ணி. குழாயைத் திருப்பிச் சுத்திச் சுத்திப் பீச்சுதான்..."

நான் முடிக்கவில்லை. மனிதர் சீட்டை விட்டு எகிறினார். "தண்ணி விடுதானா? ஏட்டி, கூறுகெட்டவளே! டர்ஃப்புக்கு ஆட்டத்துக்கு முன்னாலதான்ட்டி தண்ணி விடுவான்! தண்ணி விட்டா ஆட்டம் இருக்குன்னு அர்த்தம்! இறங்கு, இறங்கு!" பஸ் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. மணியை நாலு தடவை அமுக்கினார்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தோம். நடந்தோம் என்றா சொன்னேன்? அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு தாவினார், நான் சோற்று டப்பாப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். "காலு, காலு" என்று நான் கத்த, "காலு கிடக்கட்டும்ட்டி" என்று அவர் கத்த, சைக்கிளில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண் பிள்ளைகளின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அடேயப்பா! பந்து போகிற வேகத்துக்குப் பின்னாலேயே தண்ணீர் தெறித்துக்கொண்டு போனது. நீட்டிய மட்டையில் பந்து தப்பாமல் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஆட்டம் புரிந்தது, பிடித்தும் போயிற்று. எந்தக் கட்சி என்று தெரியாமலே மஞ்சள் சட்டைக்காரிகளுக்காக நான் எழுந்து நின்று கத்தினேன். "உக்காருட்டி" என்று என் கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அடுத்த கோலுக்கு அவரே எழுந்து நின்று கத்தினார்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் மைதானத்துக் கேட் பக்கம் போனோம். அவர் ஷூவைக் கழற்றினார். இந்தத் தடவை நானும் செருப்பைக் கழற்றினேன். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே இரண்டடி வைத்திருப்போம், சாவிக்கொத்தோடு ஒருவர் கையை ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். கேட்டில் தொங்கிய பலகையில் ஒரு செருப்புப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. வெளிச்செருப்போடு ஏறக்கூடாது என்பது சட்டம். கிட்டே வந்து எங்கள் காலைப் பார்த்தார். நாலு வெறுங்கால். கோட்டுக்கு வெளியே ஒழுங்காக வைத்த ஷூவையும் செருப்பையும் பார்த்தார். அவருடைய சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. என் கணவர் மட்டையைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தி, "ஒன் பால்" என்றார். அந்த மனிதர் சிரித்து, ஓரத்தில் கிடந்த ஒரு பந்தைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ வலது பக்கமாப் போயி நில்லுட்டி. அங்கனேருந்து உருட்டி விடு" என்றார் என் கணவர்.

அன்றைக்கு வந்த மாதிரியே பந்து வர வேண்டுமாம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்று, கையால் உருட்டினேன். முதல் பந்து அவரைத் தாண்டி எங்கேயோ ஓடிவிட்டது. எங்கள் மண்ணில் அந்த வேகத்துக்கு உருட்டினால் பாதி வழியில் நின்றிருக்கும். பை தூக்கிக்கொண்டு போன இரண்டு பெண்கள் நின்று, பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது தடவை மெதுவாக உருட்டினேன். துள்ளாமல், விலகாமல், கோடு போட்டது போல அவர் மட்டைக்கே போனது. எதிரே வெறும் கோல்.

அடித்தார். சத்தம் நன்றாகத்தான் கேட்டது. பந்து இடது போஸ்டுக்கு ஒரு முழம் வெளியே போனது.

அந்தப் பெண்கள் "ஓ" என்றார்கள். நான் தரையைத்தான் பார்த்தேன், ஏதாவது கிடக்காதா என்று. ஒரு குருணை அளவு மேடு இல்லை. அவர் மட்டையை ஓங்கிய இடத்திலேயே, பந்து போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டே போகப் பயந்தேன். அவரே திரும்பினார். திரும்பின முகத்தில் நான் பயந்தது எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது.

"ஏட்டி, நீ சொன்னதுதான் சரி. கட்டியே கிடையாது. என் தோளுதான். வலது தோளு முந்தித் திரும்பிருது. அன்னைக்கும் அப்படித்தான் திரும்பியிருக்கும். இம்புட்டு நாளா தெரியாமல்லா போச்சு!" கிணற்று மோட்டாரில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்ட ஆள் மாதிரி துள்ளினார்.

நீ சொன்னதுதான் சரி. எத்தனை சண்டையில் இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்! கிடைத்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

"அதெல்லாம் இல்லைங்க. தரை ஈரம். கால் வழுக்கியிருக்கும்" என்றேன்.

"வழுக்கவே இல்லட்டி."

"நான் உருட்டுனதுதான் கோணலா வந்துச்சு."

"நேராத்தான் வந்துச்சு."

"முழங்கால் வலியில..."

"அடிக்கையில வலியே தெரியல."

நான் நீட்டிய ஒன்றையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக நான் நம்ப மறுத்த அந்தக் கரிசல் கட்டியை எங்கிருந்தாவது கொண்டுவந்து அந்த நீலத் தரையில் வைத்துவிட முடியாதா என்று இருந்தது எனக்கு. அவரோ அதற்குள் தோளை இறுக்கிக்கொண்டு, மட்டையைத் தரையில் தட்டித் தட்டி, அடுத்த பந்தை உருட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.